இருபதாவது தாள்

ஜூன் 4, ஞாயிறு

புள்ளியியல் பாடம் எடுக்க வந்தவர் பெயர் செபஸ்தியான். மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. வகுப்புக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். காரணமில்லாமல் சிரிக்கிற ஆளைக் கண்டால் மனதில் குறித்து வைத்துக்கொள்வது என் வழக்கம். இருபத்திரண்டு வருடப் போலீஸ் வேலையில் படிந்துபோனது.

அஞ்சல் வழியில் சைக்காலஜி சேர்ந்ததற்குக் காரணம் கேட்பவர்களிடம், ஸ்டேஷனில் குடும்பத் தகராறுகளுக்கு ஆலோசனை சொல்ல உதவும் என்கிறேன். உண்மையில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் படிப்பு ஏதாவது வழி வைத்திருக்கும் என்று நினைத்தேன். முதல் வகுப்பிலேயே கோயில் மணியின் வடிவில் ஒரு வளைவை வரைந்து, உலகத்தில் பெரும்பாலான விஷயங்கள் இப்படித்தான் நடுவில் குவியும் என்றார் சார். உயரம், எடை, கேள்விக்குப் பதில் சொல்ல எடுக்கும் நேரம். நம்பும்படியாக இல்லை. என் ஸ்டேஷனுக்கு வருகிற யாரும் நடுவில் இருப்பவர்கள் இல்லை.

கடைசியில் ஒரு வினாத்தாள் கொடுத்தார். தனிமை பற்றி இருபது வாக்கியங்கள். ‘ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறேன்’, ‘என்னைச் சரியாகத் தெரிந்தவர் யாரும் இல்லை’ என்கிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை போட்டு, கூட்டி, அடியில் எழுத வேண்டும். அதிகம் வந்தால் அதிகத் தனிமை.

“பேர் எழுதாதீங்க. மடிச்சு மேசையில வைங்க. அடுத்த வாரம் உங்க எண்களை வச்சே பாடம் நடத்தப்போறேன். எட்டு நிமிஷம் போதும்,” என்றார்.

சீக்கிரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பாதிக் கேள்விகள் என் மாதிரி வேலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது.

ஜூன் 5, திங்கள்

தேர் பந்தோபஸ்து. கால் வீக்கம். மகள் தேன்மொழிக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. கல்லூரி திறந்துவிட்டது போல.

ஜூன் 11, ஞாயிறு

சார் இருபது எண்களைப் பலகையில் எழுதினார். சின்னதிலிருந்து பெரியதாக. நான்கில் தொடங்கி ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று நெருக்கமாக ஏறிப் பதின்மூன்றில் நின்றது. பிறகு ஒரு இருபத்திநாலு. அதற்கப்புறம் கொஞ்சம் இடம் விட்டு, நாற்பத்தெட்டு.

அறுபதுக்கு நாற்பத்தெட்டு.

சாக்பீஸ் சத்தம் நின்றதும் வகுப்பில் பேச்சில்லை. சார் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டம் வரைந்து அடுக்கினார். இடப்பக்கம் குன்று மாதிரி எழுந்தது. வலப்பக்கம் வெறும் தரை, கடைசியில் ஒற்றைக் கட்டம்.

“இது மணி வடிவமா?”

“இல்ல சார்.”

“இல்ல. எல்லாரும் இடப்பக்கம் ஒண்டிக்கிட்டீங்க. வால் வலப்பக்கம் நீளுது. வால் எந்தப் பக்கமோ அதை வச்சுத்தான் பேரு. இதுக்கு நேர்க்கோட்டம்னு சொல்றோம். சராசரி போட்டுப் பாருங்க.”

பதினொன்றரை வந்தது. வரிசையில் நடுவில் நிற்கிற எண் ஒன்பதுதான். ஒரே ஒரு ஆள் மொத்த வகுப்பின் சராசரியையும் தன் பக்கம் இழுத்துவிட்டார் என்றார். பிறகு திட்ட விலக்கம். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு அளவு அது. 9.35. ஒருவருடைய எண்ணிலிருந்து சராசரியைக் கழித்து இதால் வகுத்தால் திட்ட மதிப்பெண். கூட்டத்திலிருந்து எத்தனை காலடி தள்ளி நிற்கிறார் என்று அது சொல்லும். இரண்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், மூன்றைத் தாண்டினால் அபூர்வம்.

நாற்பத்தெட்டுக்கு 3.9.

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். நான் எல்லாரையும் பார்த்தேன். குற்றம் நடந்த இடத்தில் குற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் போலீஸ் இல்லை. இரண்டாவது பெஞ்ச் ஓரத்தில் கோகிலவாணி. இருபத்தேழு வயது, தனியார் பள்ளியில் டீச்சர். எல்லா எண்களையும் நோட்டில் எழுதினாள். நாற்பத்தெட்டு வந்தபோது பேனா நின்றது. பிறகுதான் எழுதினாள், சின்னதாக.

“யாருன்னு தெரிஞ்சுக்க முயற்சி பண்ணாதீங்க. அந்த ஆளுக்குப் பேசணும்னு தோணுனா என் நம்பர் இருக்கு,” என்று சொல்லிவிட்டு சார் சிரித்தார்.

முயற்சி பண்ணாதே என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்.

ஜூன் 13, செவ்வாய்

இருபது எண்களுக்கும் திட்ட மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது பேரும் இரண்டுக்குள்தான் இருக்கிறார்கள். இருபத்திநாலுக்குக் கூட 1.34தான். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

போலீஸ் குவார்ட்டர்ஸில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். கீழ் வீட்டு எஸ்.எஸ்.ஐ. மனைவி வாளியை வைத்துவிட்டு, “ஏட்டம்மா, நீங்க ஒரு ஆளுதான, ரெண்டு குடம் போதும்ல,” என்றாள். போதும்.

ஜூன் 18, ஞாயிறு

இன்று முழுக்க கோகிலவாணியைக் கவனித்தேன். இந்த வெயிலில் முழங்கை தாண்டிய ரவிக்கை. போன் இரண்டு முறை அதிர்ந்தது, இரண்டு முறையும் வெளியே ஓடிப்போய்ப் பேசினாள். திரும்பி வரும்போது முகம் துடைத்த ஈரம். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது அவள் மட்டும் மாடிப்படியில். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்னம்மா, தனியா உக்காந்துட்ட?”

“இங்க காத்து வருதுக்கா.”

“வீட்ல யார் யாரு இருக்கீங்க?”

“நான், அவரு, அத்தை.”

“புள்ளைங்க?”

“இல்லக்கா.”

“கல்யாணமாகி?”

“அஞ்சு வருஷம்.”

“உங்கம்மா வீட்டுக்குக் கடைசியா எப்பப் போன?”

டிபன் டப்பாவை மூடினாள். “கிளாஸ் ஆரம்பிச்சிருவாங்கக்கா,” என்று எழுந்து போனாள். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பாதி இட்லி அப்படியே இருந்தது.

மத்தியானம் சார் ஒரு விஷயம் சொன்னார். எண்களைத் திட்ட மதிப்பெண்ணாக மாற்றினால் வடிவமும் மணி மாதிரி ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்களாம். ஆகாது. “துணியை இஞ்சுல அளந்தாலும் சென்டிமீட்டர்ல அளந்தாலும் கிழிசல் கிழிசல்தான்.” கோணலான பரவலில் உட்கார்ந்துகொண்டு மணி வளைவின் சதவீத அட்டவணையைப் பார்க்கக் கூடாது என்றார். பக்கத்தில் இருந்த நர்ஸ் பரக்கத், “அப்ப இவ்வளவு கணக்கு எதுக்கு சார்?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். கோகிலவாணி சிரிக்கவில்லை.

அவள்தான். சந்தேகமில்லை.

ஜூன் 20, செவ்வாய்

ஸ்டேஷனில் ஒரு தம்பதி. கணவன் அடிக்கவே இல்லை என்று சாதித்தான். மனைவியும் அதையே சொன்னாள். அவள் ‘அடிக்கவே இல்லைங்க’ என்று மூன்று முறை சொன்னபோது எனக்குத் தெரிந்துவிட்டது. இது என்னிடம் இருக்கிற திறமை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஜூன் 22, வியாழன்

கோகிலவாணி வீட்டுக்குப் போனேன். வகுப்பில் எல்லாருடைய அடையாள அட்டை விண்ணப்பங்களையும் சேகரித்துக் கொடுத்தது நான்தான். முகவரி அதில் இருந்தது. கடமை என்றே நினைத்துப் போனேன். இந்தப் பெண் நாளைக்கு ஏதாவது செய்துகொண்டால், தெரிந்தும் சும்மா இருந்தோமே என்று ஆகும்.

கோர்ட் டூட்டி முடிந்து நேராகப் போனதால் யூனிபார்மில்தான். மலைக்கோட்டைக்குப் பின்னால் ஒடுங்கின தெரு. மாமியார் கதவைத் திறந்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“கோகிலவாணி இருக்காளா?”

“ஸ்கூலுக்குப் போயிருக்கா. என்னம்மா, என்ன விஷயம்?”

“பயப்படாதீங்க. அவ கூடப் படிக்கிறேன். வீட்ல நல்லாச் சாப்பிடுறாளா, தூங்குறாளா, அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“எதுக்குக் கேக்குறீங்க?”

உள்ளேயிருந்து கணவன் வந்தான். சிவபாலன். மொபைல் கடை வைத்திருக்கிறான். நான் பக்குவமாகத்தான் சொன்னேன். வகுப்பில் ஒரு சோதனை வைத்தார்கள், அதில் ஒரு தாள் ரொம்ப வித்தியாசமாக இருந்தது, அது இவளுடையதாக இருக்கலாம், மனசில் பாரம் இருக்கலாம், கொஞ்சம் அன்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“வித்தியாசம்னா, பைத்தியம்னு வந்திருக்கா?” என்று கேட்டான்.

“சேச்சே, அப்படி இல்ல.”

காபி கொடுக்கவில்லை. மனிதர்களுக்கு அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்தால் வீட்டில் கொஞ்சம் அடக்கமாக இருப்பார்கள். இது அனுபவம்.

ஜூன் 25, ஞாயிறு

கோகிலவாணி வரவில்லை. என் கணிப்பு சரிதான் என்று தோன்றுகிறது.

ஜூன் 28, புதன்

தேன்மொழி பேசினாள். ஒரு நிமிடம் நாற்பது நொடி. “எங்க இருக்க, கூட யாரு, பின்னால என்ன சத்தம்?” என்று கேட்டேன். “எஃப்.ஐ.ஆர் போடப்போறியாம்மா?” என்றாள். வைத்துவிட்டாள். நெட்வொர்க் சரியில்லை.

ஜூலை 2, ஞாயிறு

இன்றும் வரவில்லை. இடைவேளையில் பரக்கத் சொன்னாள்.

“அந்தப் புள்ளையைப் படிக்க வேண்டாம்னு நிறுத்திட்டாங்களாம். வீட்டுக்குப் போலீஸ் வந்துச்சாம். தெரு முழுக்க ஒரே பேச்சாம். சைக்காலஜி படிச்சு மண்டை குழம்பிப்போச்சுன்னு புருஷன் சொல்றானாம். ஸ்கூல்ல வேற விசாரிச்சுட்டாங்களாம்.”

சொல்லும்போது பரக்கத் என் கண்ணைப் பார்த்தாள். இந்த வகுப்பில் போலீஸ் நான் ஒருத்திதான்.

சாரும் கேட்டார். மேசையில் சாய்ந்து நின்றுகொண்டு, சிரிக்காமல். “யாராவது கோகிலவாணி வீட்டுக்குப் போனீங்களா?”

நான் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருக்கலாம். முப்பத்தெட்டுக் கண் முன்னால் எதற்கு என்று நினைத்தேன். நல்லது நினைத்துத்தான் போனேன் என்பதை எழுதி வைக்கிறேன். தொந்தரவு தரவேண்டும் என்று போகவில்லை.

போகும்போது சார் வருகைப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தார். தேர்வு எழுதத் தகுதியுள்ளவர்கள் பட்டியல் தயார் செய்ய வேண்டும். “எண்ணிக்கை விஷயத்துல நீங்க கறாரா இருப்பீங்க,” என்றார். கேலியா என்று தெரியவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

ஜூன் நாலாம் தேதிக் கையெழுத்துகளை மூன்று முறை எண்ணினேன். பத்தொன்பது.

பலகையில் எழுதிய எண்கள் இருபது. என் நோட்டில் இருபது இருக்கிறது. இருபதால்தான் வகுத்தேன். வகுப்பில் இருந்த ஆட்களை எண்ணவில்லை. யார் முகம் மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவள், எத்தனை முகம் என்று பார்க்கவில்லை. ஒரு புது கான்ஸ்டபிள் இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன்.

அன்றைக்கு வேறு யாரும் அறைக்குள் வரவில்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு சர்ச்சுக்குப் போய்விட்டார். தாள்களை வாங்கி அடுக்கியது சார். எட்டு நிமிடம் போதும் என்று சொன்னதும் சார். எழுதிப் பார்க்காதவருக்கு எட்டு என்று எப்படித் தெரியும்.

ஆனால் அவருடைய தாள் என்பதற்காக நாற்பத்தெட்டு அவருடையது என்று ஆகாது. அவர் எண் ஒன்பதாக இருக்கலாம், பத்தாக இருக்கலாம். கோகிலவாணி இன்னும் கோகிலவாணிதான். அப்படியே இருக்க வேண்டும் என்று கொஞ்சம் ஆசைப்படுகிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலை 9, ஞாயிறு

வகுப்பு முடிந்து சாரோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். மதுரை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தோம். வெயில் தகரத்தின் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

“சார், ஜூன் நாலாம் தேதி கையெழுத்து பத்தொன்பது. தாள் இருபது.”

டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அஞ்சு வாரம் ஆயிருக்கு உங்களுக்கு,” என்றார்.

“உங்க எண் எது சார்?”

“எதுன்னு நினைக்கிறீங்க?”

“நாற்பத்தெட்டு.”

இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே இருந்தது. பிறகு, கடைக்காரர் ஷட்டரை இறக்குவது மாதிரி மெல்ல இறங்கியது. இந்த மனிதர் சிரிக்காமல் இருந்தால் வேறு ஆள்.

“வீட்ல நானும் மனைவியும், ரெண்டு பேர். நாலு வருஷம் முன்னாடி அவளுக்கு ஸ்ட்ரோக். நடை திரும்பிருச்சு. பேச்சு திரும்பல. நான் பேசுறது புரியுதா இல்லையான்னும் தெரியல. காலையில நாலு வார்த்தை பேசுவேன், பதில் வராது, அப்புறம் நானும் நிறுத்திருவேன். காலேஜ்ல யாருக்கும் முழுசாத் தெரியாது. தெரிஞ்சா ரெண்டு தடவை பழம் வாங்கிட்டு வருவாங்க. மூணாவது தடவை என்னைப் பாத்தா வேற பக்கம் போயிருவாங்க.”

“அப்புறம் ஏன் சார் பலகையில எழுதுனீங்க?”

“பாடத்துக்கு ஒரு வால் வேணும்ல.” கொஞ்சம் யோசித்தார். “அது சாக்கு. வழக்கமா நான் கேள்விங்களைச் சரிபாக்க எழுதிப் பாப்பேன், கிழிச்சுப் போட்ருவேன். அன்னைக்குக் கிழிக்கல. எல்லாரும் அந்த எண்ணைப் பாத்துட்டுப் பேசாம இருந்தீங்க பாருங்க, ஒரு நிமிஷம் இருக்கும். எனக்காக ஒரு அறை முழுக்க ஆள் அமைதியா இருந்தது அதுதான் முதல் தடவை.”

நான் கோகிலவாணி வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். யூனிபார்மில் போனதையும் சொன்னேன்.

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “என் தாளுக்காகவா அந்தப் பொண்ணு வீட்ல உக்காந்திருக்கு?”

“ஆமா சார்.”

“நான் போய்ச் சொல்றேன். இன்னைக்கே வர்றேன்.”

“வேண்டாம் சார். நீங்க போனா வாத்தியார் ஏன் வர்றார்னு தெரு அதையும் பேசும். நான் செஞ்சது. நானே பாத்துக்கிறேன்.”

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பினார்.

“ஏட்டம்மா, வீட்டுக்குப் போய் என் எண்ணை அடிச்சுட்டு மறுபடியும் கணக்குப் போடுங்க. பத்தொன்பது பேருக்கு. அதைத்தான் அன்னைக்கே வகுப்புல செஞ்சிருக்கணும், நான் செய்யல. தூரத்துல ஒரு ஆள் நின்னா, சிதறல் பெருசாத் தெரியும். சிதறல் பெருசானா மத்தவங்க எல்லாம் பக்கத்துல இருக்கிற மாதிரித் தெரியும். நான் அந்தப் பலகையில இருக்கிற வரைக்கும் இருபத்திநாலை யாரும் பாக்க மாட்டாங்க.”

“இருபத்திநாலு யாரு சார்?”

“எனக்குத் தெரியாது. பேர் எழுத வேண்டாம்னு சொன்னேனே.”

அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

ஜூலை 10, திங்கள்

சராசரி 9.58. திட்ட விலக்கம் 4.26. இருபத்திநாலுக்கு 3.39.

மூன்று முறை போட்டேன். கூட்டலில் தவறில்லை.

ஜூலை 11, செவ்வாய்

இரவுப் பணி மாற்றிக் கேட்டேன். தரவில்லை.

1.34ஆக இருந்தது ஒரே ஒரு எண்ணை அடித்ததும் 3.39 ஆகிறது. ஆள் நகரவில்லை, விடையும் மாறவில்லை. அது இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கிறது.

இருபத்திநாலு யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இந்தச் சின்ன விஷயத்தைப் பெரிதாக எழுத வேண்டியதில்லை.

ஜூலை 15, சனி

சேலை கட்டிக்கொண்டு, ஆட்டோவில், பகல் பதினொரு மணிக்குப் போனேன். தெருவில் அடையாளம் தெரியக் கூடாது என்று பார்த்தேன். எதிர்வீட்டு ஜன்னல் அப்போதும் திறந்தது.

மாமியார் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “சிவா,” என்று கூப்பிட்டார். சிவபாலன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

“இப்ப என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க?”

“தப்பாச் சொல்லிட்டேன் தம்பி. அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்தத் தாள் உங்க வீட்டம்மாவோடது இல்ல.”

“அப்ப யாருது?”

வரும் வழியெல்லாம் இதற்குப் பதில் யோசித்திருந்தேன். யாருடையது என்று தெரியாது என்றால் நம்ப மாட்டான். சாருடைய பெயரைச் சொல்ல முடியாது.

“என்னுது,” என்றேன்.

அடுக்களைக் கதவோரம் கோகிலவாணி வந்து நின்றாள். கையில் மாவு.

“உங்களுதா?”

“ஆமா. நாற்பத்தெட்டு. பயந்துட்டேன். அதை வேற யாருதாவது ஆக்கணும்னு உங்க வீட்டம்மா மேல போட்டுட்டேன். யூனிபார்ம்ல வந்தது அதைவிடப் பெரிய தப்பு. எதிர்வீட்ல, ஸ்கூல்ல, யார் கிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன். அவ படிப்பை நிறுத்தாதீங்க.”

சாரைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. அப்படித்தான் இங்கே எழுதுகிறேன்.

சிவபாலன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். ஒரு போலீஸ்காரி வாசலில் நின்று தலையைக் குனிந்தால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அம்மாதான் பேசினார்.

“உள்ள வந்து உக்காரும்மா.” நாற்காலியில் கிடந்த துணியை எடுத்தார். “வீட்ல யாரு இருக்கா உனக்கு?”

“பொண்ணு இருக்கா. கோயமுத்தூர்ல படிக்கிறா.”

“அவரு?”

“திருப்பூர்ல. மில்லுல சூப்பர்வைசர்.”

“மாசம் ஒருக்கா வருவாரா?”

“வருவாரு,” என்றேன். பிறகு, “வந்துட்டு இருந்தாரு,” என்றேன்.

எந்த ஆவணமும் இல்லாமல் இந்த அம்மாள் மூன்றே கேள்வியில் அங்கே வந்துவிட்டார். இரண்டு தோசை வைத்தார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நாலு சாப்பிட்டேன்.

கிளம்பும்போது கோகிலவாணி வாசல் வரை வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஆனால் அதில் பணிவு இல்லை.

“என்கிட்டயே கேட்டிருக்கலாமேக்கா.”

“கேட்டேனேம்மா, மாடிப்படியில.”

“விசாரிச்சீங்க. கேக்கல.”

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 16, ஞாயிறு

வரவில்லை. நான் காலையில் வகுப்பு தொடங்கும் முன் எழுந்து நின்று, அவள் வீட்டுக்குப் போனது நான்தான் என்று சொன்னேன். பரக்கத் மதியம் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஜூலை 19, புதன்

அவள் பள்ளித் தலைமையாசிரியையைப் பார்த்துப் பேசினேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். ‘எனது தவறான அனுமானத்தால்’ என்று. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு வரி எழுதியதில்லை.

ஜூலை 23, ஞாயிறு

கோகிலவாணி வந்தாள்.

பதினொரு மணிக்கு, பாதி வகுப்பில். சிவபாலன் கேட் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். சார், “வாங்க,” என்று மட்டும் சொன்னார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விட்டுப்போன பாடங்களைப் பரக்கத்தின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் நான் மரத்தடிக்குப் போகவில்லை. வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளே வந்தாள். எனக்கு முன் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தாள்.

“வீட்ல நீங்க சொன்னது பொய்தானக்கா?”

“ஏன் கேக்குற?”

“நாற்பத்தெட்டு போட்ட ஆளு அதை அப்படி வாசல்ல நின்னு சொல்ல மாட்டாங்க.”

இந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதி வைத்திருப்பதில் ஒன்றுகூட உருப்படியில்லை என்று அப்போது நினைத்தேன்.

“பொய்தான். அது வேற ஒருத்தரோடது. யாருன்னு சொல்ல மாட்டேன்.”

“சொல்ல வேண்டாம்.” கொஞ்ச நேரம் பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். “என்னுது எதுன்னு தெரியுமா? நாலு.”

“நாலா?”

“வரிசையில முதல் எண். வகுப்புலயே சந்தோஷமான ஆளு நான். எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டேன். அப்புறம் பூஜ்யம் மட்டுமே இருந்தா சந்தேகம் வரும்னு நாலு இடத்துல ஒண்ணு போட்டேன்.”

“ஏம்மா அப்படி?”

“யாராவது இதை எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டா என்ன பண்றதுன்னுதான்.”

அவள் குத்திக்காட்டச் சொன்னதாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். குன்று மாதிரி இடப்பக்கம் குவிந்திருந்த எண்களில் இன்னும் எத்தனை பேர் இப்படி ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நான் ஆறு வாரமாக வால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்களுது?” என்று கேட்டாள்.

வெளியே யாரோ டிபன் டப்பா கழுவும் சத்தம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் காத்திருந்தாள். எனக்கு அப்படிக் காத்திருக்க வராது.

“இருபத்திநாலு,” என்றேன்.

“நிஜமாவா?”

“நிஜம்.”

அவள் தலையாட்டினாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ரவிக்கையின் கையை முழங்கை வரை மேலே ஏற்றிக்கொண்டு, தன் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். மணி அடிக்கும் வரை பேசினாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை.